இரண்டு டாலர் முப்பது சென்ட்

சம்பளம் ஏறுவது உங்களுக்குத் தெரியும். ஏறாமல் கிடப்பது அதைவிட நன்றாகத் தெரியும். ஏறின சம்பளத்தை மூன்றே மாதத்தில் சட்டம் போட்டு இறக்கின கதை தெரியுமா?

கம்பெனி நஷ்டம், ஆள் குறைப்பு, கொரோனா வெட்டு என்று காரணம் எதுவும் கிடையாது. அரசாங்கமே உட்கார்ந்து யோசித்து, ஓட்டெடுப்பு நடத்தி, 'இன்ன தேதியிலிருந்து உங்கள் முதலாளி உங்களுக்குக் குறைத்துக் கொடுத்தால் குற்றமில்லை' என்று அறிவித்த கதை இது.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் என்று ஒரு நகரம். 2017 மே 5-ம் தேதி அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10 டாலர் ஆனது. அதுவரை 7 டாலர் 70 சென்ட். பர்கர் கடையில் உருளைக்கிழங்கு வறுக்கிறவர், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர், வயதானவர்கள் வீட்டுக்குப் போய்ப் பணிவிடை செய்கிறவர் என்று சுமார் 35 ஆயிரம் பேருக்குச் சம்பளம் கூடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அதே வருடம் ஆகஸ்ட் 28-ம் தேதி மறுபடி 7 டாலர் 70 சென்ட். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட்... அவ்வளவுதான் அந்த உயர்வின் ஆயுசு.

மணிக்கு 2 டாலர் 30 சென்ட் வித்தியாசம். தயவுசெய்து அதை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து, 'பரவாயில்லையே' என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே வீட்டு வாடகையும் டாலரில்தான். வாரம் 40 மணி நேரம் வேலை செய்கிற ஒருவருக்கு இது வாரத்துக்கு 92 டாலர். மாதத்துக்குக் கிட்டத்தட்ட 400. ஒரு குடும்பத்தின் பலசரக்கு, காய்கறிச் செலவை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்துவிட்டு நான்காம் மாதம் பிடுங்கிக்கொண்டார்கள்.

யார் கொடுத்தது, யார் பிடுங்கியது? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

கொடுத்தது நகரசபை. பிடுங்கியது மாநில சட்டசபை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நம் ஊரில் குறைந்தபட்சக் கூலி விஷயத்தில் கார்ப்பரேஷனுக்கோ பஞ்சாயத்துக்கோ எந்த வேலையும் இல்லை. 1948-ம் வருடத்துச் சட்டம் அந்த அதிகாரத்தை மத்திய, மாநில அரசுகளிடம் கொடுத்தது. அதற்குப் பதிலாக வந்திருக்கும் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பும் அப்படித்தான். நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணை 18 வேலைகளைப் பட்டியல் போடுகிறது. மாட்டுக் கொட்டடி உண்டு, சுடுகாடு உண்டு, ஆடு மாடு அறுக்கும் தொட்டி உண்டு. கூலி கிடையாது. அதனால் 'நகரசபை கூலியை உயர்த்தியது' என்றால் நமக்குச் சட்டென்று பிடிபடாது.

அமெரிக்காவில் மூன்று மாடி. கீழ்மாடி, மத்திய அரசு. 1938-ல் மணிக்கு 25 சென்ட் என்று ஆரம்பித்தது. 2009 ஜூலையில் 7 டாலர் 25 சென்ட் ஆனது. அதற்கப்புறம் இன்றுவரை ஒரு சென்ட்கூட ஏறவில்லை. சட்டம் வந்த நாளிலிருந்து இவ்வளவு நீண்ட தூக்கம் அது தூங்கியதே இல்லை. இடையில் வாடகை, பால், ரொட்டி, பஸ் கட்டணம் எதுவும் தூங்கவில்லை. அடுத்த மாடி, மாநிலம். இஷ்டப்பட்டால் மத்திய அரசு சொன்னதைவிட அதிகமாக நிர்ணயிக்கலாம். அதற்கும் மேலே, மாநிலம் தடுக்காத வரைக்கும், நகரமும் கவுன்ட்டியும் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். கவுன்ட்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. ஆனால் கலெக்டர் இல்லாமல், தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்கள் நடத்துகிற மாவட்டம்.

'மாநிலம் தடுக்காத வரைக்கும்' என்றேனே, அந்த மூன்று வார்த்தைக்குள்தான் இந்தக் கட்டுரை முழுக்க இருக்கிறது.

செயின்ட் லூயிஸ் நகரசபை கூலியை உயர்த்தத் தீர்மானித்தது 2015-ல். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 2018 ஜனவரியில் 11 டாலர் என்பது திட்டம். அதே சமயம் மாநிலத் தலைநகரில் வேறு ஒரு மசோதா ஓடிக்கொண்டிருந்தது. எந்த ஊரும் பிளாஸ்டிக் பையைத் தடை செய்யக்கூடாது என்று ஒரு பிரிவு. எந்த ஊரும் தனியாகக் கூலியை உயர்த்தக்கூடாது என்று இன்னொரு பிரிவு. பிளாஸ்டிக் பையையும் தொழிலாளியையும் ஒரே பைக்குள் போட்ட அந்த மூளையை என்னவென்று சொல்ல! ஆளுநர் அதை நிராகரித்தார். சட்டசபை அவரை மீறி நிறைவேற்றியது. (அமெரிக்காவில் ஆளுநர் என்றால் ராஜ்பவனில் இருப்பவர் இல்லை. மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிற, நம் முதல்வர் மாதிரி ஆள்.)

அந்த மசோதாவில் ஒரு சின்ன ஓட்டை. 2015 ஆகஸ்ட் 28-ம் தேதியன்று ஏற்கெனவே அமலில் இருக்கிற நகரச் சட்டங்களுக்குத் தடை பொருந்தாது. உடனே செயின்ட் லூயிஸ் நகரசபை ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் சட்டத்தை நிறைவேற்ற, மேயர் அதே ஆகஸ்ட் 28 அன்று கையெழுத்துப் போட்டார். முதலாளிகள் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. முதல் உயர்வு அமலுக்கு வர ஒரு நாள் இருக்கும்போது கீழ்க்கோர்ட் தடுத்துவிட்டது. அங்கிருந்து மாநில உச்ச நீதிமன்றம். ஒன்றரை வருடம் கழித்து, 2017 பிப்ரவரியில், 'நகரசபை செய்தது சரிதான்' என்று ஏகமனதாகத் தீர்ப்பு. அதன்பிறகுதான் அந்த மே 5.

நகரசபை ஓட்டெடுப்பிலும் ஜெயித்தது, கோர்ட்டிலும் ஜெயித்தது. அப்புறமும் தோற்றது. சட்டசபை புதிதாக ஒரு சட்டம் போட்டு பழைய ஓட்டையை அடைத்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பார்களே, இங்கே சாமி வரம் கொடுத்து, பக்தர் அதை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். பூசாரி வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போனார். அப்போதைய ஆளுநர் எரிக் கிரைட்டன்ஸ் அந்தச் சட்டத்தில் கையெழுத்துக்கூடப் போடவில்லை. குறிப்பிட்ட நாளுக்குள் நிராகரிக்காவிட்டால் மசோதா தானாகச் சட்டமாகிவிடும். ஆகட்டும் என்று விட்டுவிட்டார். 35 ஆயிரம் பேரின் சம்பளத்தில் கை வைக்கிற காகிதத்தில் பேனா படவில்லை.

இவர்கள் யார் என்று பாருங்கள். 'வாஷிங்டன் எங்கள் விஷயத்தில் மூக்கை நுழைக்கக்கூடாது, மக்களுக்குப் பக்கத்தில் இருக்கிற அரசாங்கம்தான் நல்ல அரசாங்கம்' என்று வருடம் முழுக்க மேடை போட்டுப் பேசுகிறவர்கள். மக்களுக்கு மாநிலத் தலைநகரைவிடப் பக்கத்தில் இருப்பது நகரசபைதானே? அந்த நகரசபை பிளாட்பாரம் போட்டால் சரி, பூங்கா வைத்தால் சரி, முதலாளிக்கு வரிச் சலுகை கொடுத்தால் ரொம்ப சரி. தொழிலாளிக்கு இரண்டு டாலர் கூட்டினால் மட்டும் உடனே 'மாநிலம் முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும்' என்ற தத்துவம் பிறந்துவிடுகிறது.

(சிரிக்காதீர்கள். டெல்லியைப் பார்த்து மாநில சுயாட்சி என்று கோஷம் போடுகிற நம் ஊரில், சென்னை மாநகராட்சிக்கு 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலே கிடையாது. சுயாட்சி கோட்டை வரைக்கும்தான் வரும். அங்கிருந்து ரிப்பன் மாளிகைக்கு நடந்து போகிற தூரம்தான். இருந்தும் போய்ச் சேருவதில்லை.)

செயின்ட் லூயிஸாவது மூன்று மாதம் அனுபவித்தது. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமுக்கு அதுவும் இல்லை.

பர்மிங்ஹாம் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மார்ட்டின் லூதர் கிங் 1963-ல் சிறையிலிருந்து கடிதம் எழுதியது அந்த ஊர்ச் சிறையிலிருந்துதான். அன்று போலீஸ் நாய்களையும் தண்ணீர்ப் பீரங்கியையும் கறுப்பினக் குழந்தைகள் மேல் ஏவிய நகரம். இன்று மக்கள்தொகையில் பத்தில் ஏழு பேர் கறுப்பர்கள். மேயரும் கவுன்சிலில் பெரும்பாலானவர்களும் அவர்களே. 2015 ஆகஸ்ட்டில் அந்த நகரசபை தீர்மானித்தது: 2016 ஜூலையில் 8 டாலர் 50 சென்ட், 2017 ஜூலையில் 10 டாலர் 10 சென்ட்.

இந்த இடத்தில் நகரசபைக்கும் நான் ஒரு குட்டு வைத்தாக வேண்டும். ஆகஸ்ட்டில் முடிவெடுத்துவிட்டு அடுத்த ஜூலை வரை ஏன் காத்திருந்தார்கள்? வியாபாரிகள் தயாராக அவகாசம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அந்தப் பத்து மாத அவகாசத்தில் வியாபாரிகளைவிட வேகமாகத் தயாரானது சட்டசபை. நகரத்தை ஒட்டி மவுன்ட்டன் புரூக் என்று ஒரு பணக்காரப் புறநகர். கிட்டத்தட்ட முழுக்க வெள்ளையர்கள் வாழ்கிற ஊர். அந்தப் பகுதியின் எம்.எல்.ஏ. ஒருவர், எந்த ஊரும் தனியாகக் கூலி நிர்ணயிக்கக்கூடாது என்று மசோதா கொண்டுவந்தார். அது வேகமெடுப்பதைப் பார்த்த பிறகுதான் நகரசபைக்கு வியர்த்தது. 2016 பிப்ரவரி கடைசி வாரத்தில் அவசரமாகக் கூடி, 'ஜூலையும் வேண்டாம், அடுத்த வருடமும் வேண்டாம், 10 டாலர் 10 சென்ட் உடனே அமல்' என்று முடிவெடுத்தார்கள். ஓரிரு நாள்தான். பிப்ரவரி 25 அன்று மேல்சபை மசோதாவை நிறைவேற்றியது. அன்றைக்கே ஆளுநர் ராபர்ட் பென்ட்லி கையெழுத்துப் போட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தார்கள். தானாக உடைந்த தாழி இல்லை இது. சுமார் 40 ஆயிரம் பேர் அந்த உயர்வுக்குக் காத்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள்.

அந்தச் சட்டத்தின் பெயரைக் கேளுங்கள்: 'அலபாமா சீரான குறைந்தபட்ச ஊதியம் மற்றும் வேலை செய்யும் உரிமைச் சட்டம்'. சீரான குறைந்தபட்ச ஊதியம்! அலபாமாவில் மாநிலத்துக்கென்று குறைந்தபட்சக் கூலிச் சட்டமே கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. மத்திய அரசின் 7 டாலர் 25 சென்ட்தான். இல்லாத ஒன்றை மாநிலம் முழுக்கச் சீராக இல்லாமல் செய்வதற்கு ஒரு சட்டம். நம் ஊர் சினிமாவில் கிணறு காணாமல் போன வழக்கைவிட இது ஒரு படி மேலே.

இது இன்று நேற்று வந்த புத்தி இல்லை. அலபாமாவின் 1901-ம் வருடத்து அரசியல் சட்டம் அதிகாரத்தை எல்லாம் தலைநகர் மாண்ட்கமரியில் குவித்து வைத்தது. வெள்ளையர் ஆதிக்கத்தைச் சட்டப்படி நிலைநிறுத்துவதுதான் நோக்கம் என்று அந்த அரசியல் சட்ட மாநாட்டின் தலைவரே மேடையில் வெளிப்படையாகப் பேசினார். உள்ளூர் மக்கள் கையில் அதிகாரம் கொடுத்தால், கறுப்பர்கள் நிறைய இருக்கிற ஊர்களில் என்ன ஆகும் என்ற பயம். விளைவு, ஒரு கவுன்ட்டி கொசு ஒழிப்புக்கு வரி போட வேண்டும் என்றால்கூட மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும். இப்படித் திருத்தித் திருத்தி 900-க்கும் மேல் திருத்தங்கள் சேர்ந்துவிட்டன.

பர்மிங்ஹாமின் இரண்டு துரித உணவுக்கடைத் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். கறுப்பர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யும் சேர்ந்துகொண்டது. இது இனப் பாகுபாடு என்பது வாதம். 2018 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், 'இந்த வாதத்தில் பொருள் இருக்கிறது, விசாரிக்கலாம்' என்றார்கள். 2019 டிசம்பரில் அதே நீதிமன்றத்தின் முழு பெஞ்ச் 7-க்கு 5 என்ற கணக்கில் கதவைச் சாத்தியது. என்ன காரணம் தெரியுமா? நீங்கள் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் அவர் இல்லையே. அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னால் உங்களுக்குச் சம்பளம் எப்படி ஏறும்? சட்டம் பாகுபாடானதா இல்லையா என்ற கேள்வியை அவர்கள் தொடவே இல்லை. தப்பான கவுன்ட்டரில் நிற்கிறீர்கள் என்று, மூன்றரை வருடம் வரிசையில் நின்ற பிறகு சொல்லி அனுப்பினார்கள்.

சரி, எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

அவர்கள் சொல்வதில் முதலாவது, ஊருக்கு ஒரு கூலி என்றால் வியாபாரிக்குக் குழப்பம். இதை என்னால் சீரியஸாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அலபாமாவிலும் மிசௌரியிலும் விற்பனை வரி ஊருக்கு ஊர் வேறு. சில இடங்களில் தெரு தாண்டினால் வேறு. அதை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி பைசா சுத்தமாக பில் போடுகிற கடைக்காரருக்கு, சம்பளத்துக்கு மட்டும் கணக்கு வராதா?

இரண்டாவது, பக்கத்து ஊருக்குக் கடை ஓடிவிடும், வேலை போய்விடும் என்பது. இதை அப்படி ஒதுக்கிவிட முடியாது. எல்லைக்கோட்டில் கூலி மாறினால் என்ன ஆகும் என்று பொருளாதார நிபுணர்கள் வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1992-ல் நியூ ஜெர்சி மாநிலம் கூலியை 4 டாலர் 25 சென்ட்டிலிருந்து 5 டாலர் 5 சென்ட்டாக உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற இருவர் எல்லைக்கு இரண்டு பக்கமும் 410 துரித உணவுக்கடைகளை எடுத்துப் பார்த்து, உயர்த்திய பக்கம் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை என்றார்கள். சகட்டுமேனிக்குத் திட்டு வாங்கினார்கள். கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசு வந்தது. க்ரூகர் அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார்.

ஆனால் ஒரு ஆய்வை வைத்துக்கொண்டு எல்லா ஊருக்கும் ஜோசியம் சொல்லக்கூடாது. சியாட்டில் கதையைப் பாருங்கள்.

சியாட்டிலுக்குப் பக்கத்தில் விமான நிலையம் இருக்கிற சின்ன ஊர் சீடாக். 2013 நவம்பரில் அங்கே பொதுமக்களே ஓட்டுப்போட்டு, விமான நிலையத்தையும் ஓட்டல்களையும் சார்ந்த தொழிலாளர்களுக்கு 15 டாலர் என்று முடிவு செய்தார்கள். எவ்வளவு வித்தியாசத்தில்? 77 ஓட்டு! நம் ஊர் வார்டு எலெக்‌ஷன் மாதிரி. அதே மாதம் சியாட்டில் நகரசபைக்கு, 15 டாலர் என்ற ஒற்றைக் கோஷத்தோடு ஒரு சோஷலிஸ்ட் பெண்மணி ஜெயித்து வந்தார். பெயர் க்ஷமா சாவந்த். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். புனேயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மும்பையில் வளர்ந்தவர். 2014 ஜூனில் சியாட்டில் நகரசபை 15 டாலரை ஏகமனதாக ஏற்றது. பெரிய கம்பெனிகளுக்கு மூன்று, நான்கு வருடம், சின்னக் கடைகளுக்கு ஏழு வருடம் என்று படிப்படியாக. இவ்வளவு அவகாசம் எதற்கு என்று சாவந்த் சண்டை போட்டார். கடைசியில் ஆதரித்து ஓட்டும் போட்டார்.

என்னைக் கவர்ந்தது 15 டாலர் இல்லை. அதன் விளைவை ஆராய்வதற்கு நகரசபையே ஏற்பாடு செய்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2017-ல் கொடுத்த அறிக்கை நகரசபையின் தலையிலேயே குட்டியது. கூலி 13 டாலர் ஆனபோது குறைந்த சம்பள வேலைகளில் வேலை நேரம் 9 சதவிகிதம் வெட்டப்பட்டது, சராசரியாக மாதம் 125 டாலர் நஷ்டம் என்றது. அதே மாதம் பெர்க்லி குழு ஒன்று, ஓட்டல் தொழிலில் வேலை எதுவும் போகவில்லை என்றது. அடுத்த வருடம் முதல் குழுவே இன்னும் நுணுக்கமாகப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே வேலையில் இருந்த அனுபவசாலிகளுக்கு லாபம், புதிதாக வேலை தேடுகிறவர்களுக்குக் கதவு கொஞ்சம் சாத்தப்பட்டது என்று சொன்னது. சரி பாதி சந்தோஷம். இருக்கட்டுமே. ஒரு ஊர் ஒன்றைச் செய்து பார்த்தது, அளந்து பார்த்தது, திட்டையும் வாங்கிக்கொண்டது. 2025-ல் சியாட்டிலில் குறைந்தபட்சக் கூலி 20 டாலர் 76 சென்ட்.

பர்மிங்ஹாமில் இந்த வாதத்துக்கே வழி இல்லாமல் போயிற்று. வேலை போய்விடும் என்று சட்டசபையில் பேசியவர்கள் சொன்னது உண்மையாகக்கூட இருந்திருக்கலாம். செய்து பார்க்க விட்டால்தானே தெரியும்? பரீட்சை எழுதவிடாமல் பேனாவைப் பிடுங்கிவிட்டு, 'நீ ஃபெயிலாகியிருப்பாய்' என்கிற வாத்தியாரை என்ன சொல்வீர்கள்? இன்று அமெரிக்காவில் ஏறத்தாழ பாதி மாநிலங்களில் இப்படிப்பட்ட தடைச்சட்டம் இருக்கிறது. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி யோசனை எப்படி வந்தது என்று ஆச்சரியப்பட வேண்டாம். ஏ.எல்.இ.சி. என்று ஒரு அமைப்பு. மாநில சட்டசபை உறுப்பினர்களும் கம்பெனிப் பிரதிநிதிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து மாதிரி மசோதா தயாரிக்கிற இடம். கூலி விஷயத்தில் ஊர்களின் கையைக் கட்டுவதற்கும் அவர்களிடம் ரெடிமேட் மாதிரி இருந்தது. பெயரை நிரப்பிக்கொண்டால் போதும்.

நகரசபைகளை ஒரேயடியாகத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் எனக்கு மனசில்லை. 'கூலி உயர்வை ஆதரிக்கிறோம்' என்று தீர்மானம் போடுவது சுலபம். டீ, பிஸ்கட்டோடு முடிந்துவிடும். உண்மையான சோதனை, நகரசபையே முதலாளியாக இருக்கிற இடத்தில்.

இதை முதலில் கையில் எடுத்தது பால்டிமோர். 1990-களின் தொடக்கத்தில் அங்கே சர்ச்சுகள் நடத்துகிற இலவச உணவுக்கூடங்களுக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பாதிரியார்களுக்கு ஒரு சந்தேகம். இவர்களில் பலர் வேலையில்லாதவர்கள் இல்லையே! வேலைக்குப் போய்விட்டு நேராகச் சாப்பாட்டு வரிசைக்கு வருகிறார்கள். விசாரித்தால், மாநகராட்சியின் கான்ட்ராக்டரிடம் துப்புரவு வேலை பார்க்கிறவர்களும் அதில் இருந்தார்கள். நகரம் செலவை மிச்சப்படுத்த வேலையைக் கான்ட்ராக்டில் விட்டது. கான்ட்ராக்டர் மிச்சப்படுத்தக் கூலியை வெட்டினார். கடைசியில் பாதிரியார் சூப் ஊற்றினார். சர்ச்சுகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து போராடி, 1994 டிசம்பரில் நகரம் சட்டம் போட்டது. நகரத்தோடு கான்ட்ராக்ட் வேண்டுமா? தொழிலாளிக்கு மணிக்கு 6 டாலர் 10 சென்ட்டில் தொடங்கிக் கொடு. அப்போது மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 4 டாலர் 25 சென்ட். அதைப் பார்த்து நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் பின்னால் வந்தன.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் ரிப்பன் மாளிகை வாசலில் நடந்தது ஞாபகம் வரும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்கு விட்டதை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். வாங்குகிற சம்பளம் குறைந்துவிடும் என்பது அவர்களுடைய பயம். பெரும்பாலும் பெண்கள். கோர்ட் உத்தரவைக் காட்டி நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. நம் கார்ப்பரேஷனுக்கு ஊருக்கெல்லாம் கூலி நிர்ணயிக்கிற அதிகாரம் இல்லை, வாஸ்தவம். தன் கான்ட்ராக்டரின் டெண்டரில் என்ன நிபந்தனை போடுவது என்பது அதன் கையில்தானே இருக்கிறது? பால்டிமோர் செய்தது அதைத்தான்.

மறுபடி செயின்ட் லூயிஸுக்கு வருவோம். அந்த ஆகஸ்ட் 28-க்கு முன்னால் தொழிலாளர்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். சட்டம் குறைக்கச் சொல்லவில்லை, குறைத்தால் குற்றமில்லை என்றுதான் சொல்கிறது. நீங்கள் குறைக்காதீர்கள் என்று கேட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கடைக்காரர்கள் 10 டாலரைத் தொடர்வதாக வாக்குக் கொடுத்தார்கள். அயோவா மாநிலத்தின் ஜான்சன் கவுன்ட்டியிலும் இதே கதைதான். 10 டாலர் 10 சென்ட் வரை ஏற்றியிருந்தார்கள். 2017 மார்ச்சில் மாநிலம் அதை ரத்து செய்து 7 டாலர் 25 சென்ட்டுக்கு இறக்கியது. அந்தக் கவுன்ட்டி சபைக்காரர்களுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. அதிகாரம் போன பிறகும், எங்கள் ஊரில் கொடுக்க வேண்டிய கூலி இவ்வளவு என்று ஒரு தொகையைப் பரிந்துரையாக அறிவித்தார்கள். கேட்காதவர் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மிசௌரியில் அடுத்த வருடமே மக்கள் நேரடியாகக் களத்தில் இறங்கினார்கள். அங்கே கையெழுத்து வாங்கி ஒரு கேள்வியைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். ஊருக்கு ஊர் வித்தியாசம் கூடாது என்றீர்கள் அல்லவா, சரி, மாநிலம் முழுக்கவே உயர்த்துகிறோம் என்றார்கள். 2018 நவம்பரில் 62 சதவிகிதம் பேர் 'ஆம்' என்றார்கள். 2023-க்குள் 12 டாலர். கையெழுத்துப் போடாமல் சட்டமாக்கிய ஆளுநர் கிரைட்டன்ஸ் அதற்குள் வேறு புகார்களில் சிக்கி ராஜினாமா செய்துவிட்டுப் போயிருந்தார். 2024 நவம்பரில் மறுபடி வாக்கெடுப்பு: 2026 ஜனவரியில் 15 டாலர், கூடவே சம்பளத்தோடு நோய் விடுப்பு, அப்புறம் விலைவாசிக்குத் தகுந்த உயர்வு. அதுவும் ஜெயித்தது. 2025-ல் சட்டசபை கூடி நோய் விடுப்பையும் விலைவாசி உயர்வையும் ரத்து செய்தது. மக்களே நேராக ஓட்டுப்போட்டதைக்கூட. ரத்து அமலுக்கு வந்த தேதி, நம்புவீர்களோ மாட்டீர்களோ, ஆகஸ்ட் 28. மிசௌரியில் புதுச் சட்டங்கள் வழக்கமாக அமலுக்கு வருகிற நாள் அது. வேறு மர்மம் ஒன்றும் இல்லை. 15 டாலரில் மட்டும் கை வைக்கவில்லை.

செயின்ட் லூயிஸ் நகரசபை 2015-ல் போட்ட கணக்குப்படி 2018 ஜனவரியில் 11 டாலர் வந்திருக்க வேண்டும். மாநிலக் கூலி 11 டாலரைத் தாண்டியது 2022 ஜனவரியில். நாலு வருடம் தாமதம்.

பர்மிங்ஹாமில் பொது வாக்கெடுப்புக்கும் வழி இல்லை. அலபாமா மக்கள் கையெழுத்து வாங்கி மாநிலச் சட்டம் கொண்டுவர அந்த அரசியல் சட்டத்தில் இடமே வைக்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு ஆள் கிடைக்காமல் பல கடைகள் தாங்களாகவே கூடுதலாகக் கொடுக்கின்றன. கொடுத்தால் உண்டு. சட்டம் கேட்பது, 2009 ஜூலையில் கேட்ட அதே 7 டாலர் 25 சென்ட்.